சம்பளம் கிடையாது... ஆனாலும் பேஜர் அடித்தால் கடலுக்கு ஓடுகிறார்கள்! பிரிட்டனின் லைஃப்போட் தொண்டர்கள் இயங்குவது எப்படி?

பிரிட்டன் கடலோரத்தில் ஒரு படகு கவிழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். காப்பாற்ற யார் வருவார்கள்? கடற்படை, இல்லாவிட்டால் அரசின் ஏதாவது ஒரு மீட்புப் படை என்றுதான் நமக்குத் தோணும். ஆனால் பெரும்பாலான நேரங்களில் வரப்போவது அந்த ஊர் பிளம்பர், பள்ளி ஆசிரியர், கடைக்காரர், மீனவர். கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, ஆரஞ்சும் நீலமும் பூசிய ஒரு படகில் ஏறி, மற்றவர்கள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் கடலுக்குள் இவர்கள் போவார்கள்.

இவர்களில் பெரும்பாலானோருக்கு இதற்குச் சம்பளம் இல்லை. அமைப்பை நடத்துவதும் அரசு இல்லை. 200 ஆண்டுகளாக மக்கள் நன்கொடையை நம்பியே ஓடுகிறது. பிரிட்டன், அயர்லாந்து என இரண்டு நாடுகளின் கடலோரத்தையும் ஒரு தொண்டு நிறுவனம் எப்படிப் பார்த்துக்கொள்கிறது? யார் இந்தத் தொண்டர்கள்? பார்க்கலாம்.

ஆர்.என்.எல்.ஐ என்றால் என்ன?

முழுப் பெயர் ‘ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன்’. தலைமையகம் தெற்கு இங்கிலாந்தின் பூல் நகரில் இருக்கிறது. பிரிட்டன், அயர்லாந்து கடலோரங்களிலும், சில ஆறு, ஏரிகளிலுமாக 238 லைஃப்போட் நிலையங்கள். 2024-ல் இந்த அமைப்பு தன் 200-வது ஆண்டைக் கொண்டாடியபோது, அதுவரை காப்பாற்றிய உயிர்களின் எண்ணிக்கை 1,46,000-ஐத் தாண்டியிருந்தது.

1922-ல் அயர்லாந்து தனி நாடாகப் பிரிந்துபோனது. ராணுவம், நாணயம், சட்டம் எல்லாம் பிரிந்தன. லைஃப்போட் மட்டும் பிரியவில்லை. இன்றைக்கும் இரு நாட்டுக் கரைகளிலும் இதே அமைப்புதான்.

எப்படி ஆரம்பித்தது?

அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவில் வாழ்ந்தவர் சர் வில்லியம் ஹிலரி. அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே டக்ளஸ் துறைமுகம். புயல் வந்தால் கப்பல்கள் பாறையில் மோதி உடையும். கரையில் இருப்பவர்கள் கையைப் பிசைந்துகொண்டு பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நாடு முழுவதற்கும் ஒரு மீட்பு அமைப்பு வேண்டும் என்று 1823-ல் அவர் ஒரு வேண்டுகோளை அச்சிட்டு வெளியிட்டார். கடற்படைத் தலைமையிடம் ஆதரவு கிடைக்கவில்லை. அதன் பிறகு நாடாளுமன்ற உறுப்பினர்கள், வணிகர்கள் பக்கம் திரும்பினார். 1824 மார்ச் 4 அன்று லண்டனில் ஒரு விடுதியில் நடந்த கூட்டத்தில் அமைப்பு உருவானது. இப்போதைய பெயர் 1854-ல் வந்தது.

ஹிலரி மேடைப் பேச்சோடு நின்றவர் கிடையாது. 1830-ல், கிட்டத்தட்ட 60 வயதில், டக்ளஸ் துறைமுகத்தில் சிக்கிய ‘செயின்ட் ஜார்ஜ்’ கப்பலை மீட்க அவரே படகில் போனார். அலை தூக்கி வீசியதில் விலா எலும்புகள் முறிந்தன. இத்தனைக்கும் அவருக்கு நீச்சல் தெரியாது!

அழைப்பு வந்தால் என்ன நடக்கும்?

இதை வரிசையாகப் புரிந்துகொள்வது எளிது.

முதலில், ஆபத்தில் இருப்பவரோ பார்த்தவரோ 999-க்கு போன் செய்து ‘கோஸ்ட்கார்டு’ என்று கேட்க வேண்டும். கடலில் இருப்பவர்கள் ரேடியோவில் ‘மேடே’ சொல்வார்கள். இந்தக் கோஸ்ட்கார்டு அரசு அமைப்பு. தேடலை ஒருங்கிணைப்பது, ஹெலிகாப்டரை அனுப்புவது அதன் வேலை.

அடுத்து, அருகில் உள்ள லைஃப்போட் நிலையத்தைக் கோஸ்ட்கார்டு தொடர்புகொள்ளும். படகை இறக்கலாமா என்று முடிவு செய்யும் பொறுப்பாளர் ஒருவர் நிலையத்தில் இருப்பார். அவர் சரி என்றதும் தொண்டர்களின் இடுப்பில் இருக்கும் பேஜர்கள் அலறும். ஆமாம், நாம் எல்லோரும் மறந்துபோன அதே பேஜர்தான்.

சாப்பாட்டு மேஜையிலிருந்தோ, தூக்கத்திலிருந்தோ, பிள்ளையின் பிறந்தநாள் விழாவிலிருந்தோ எழுந்து ஓட வேண்டும். நிலையத்துக்கு வந்ததும் நீர் புகாத உடை, ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட். வந்தவர்களில் யார் படகில் போவது என்பதைப் படகின் தலைவர் முடிவு செய்வார். பெரிய படகில் அவருக்குப் பெயர் ‘காக்சன்’. சிறிய படகில் ‘ஹெல்ம்’. இதெல்லாம் நடந்து படகு தண்ணீரைத் தொடுவதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

படகில் ஏறாதவர்களுக்கும் வேலை உண்டு. டிராக்டர் ஓட்டிப் படகைக் கடலில் இறக்குவது, ரேடியோ பார்ப்பது, திரும்பி வந்த படகைக் கழுவி, டீசல் நிரப்பி அடுத்த அழைப்புக்குத் தயாராக்குவது என்று கரையிலும் ஒரு குழு நிற்கும்.

எந்தப் படகு, எங்கே?

படகுகள் இரண்டு வகை. எந்த வானிலையிலும் போகக்கூடிய பெரிய படகுகள் ஒன்று. கரையோரத்தில் வேகமாகப் போகும் சிறிய படகுகள் இன்னொன்று.

பெரிய படகுகளில் மிகப் பெரியது ‘செவர்ன்’, 17 மீட்டர் நீளம். புதிய தலைமுறைப் படகு ‘ஷானன்’. இதில் புரொப்பல்லர் கிடையாது, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் வாட்டர் ஜெட் இன்ஜின்கள்தான். அதனால் ஆழம் குறைந்த இடத்திலும் போகலாம், கடற்கரை மணலில் நேராக ஏற்றியும் நிறுத்தலாம். இரண்டுமே 25 நாட் வேகம், அதாவது மணிக்கு சுமார் 46 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பெரிய அலை வந்து கவிழ்த்தாலும் சில விநாடிகளில் தானாகவே நிமிர்ந்துவிடும்படி இவற்றை வடிவமைத்திருக்கிறார்கள்.

சிறியவற்றில் ‘டி கிளாஸ்’ என்பது காற்றடைத்த 5 மீட்டர் ரப்பர் படகு. 1963-ல் அறிமுகமானது. பாறை இடுக்கு, குகை, அலை உடையும் இடம் என்று பெரிய படகு நுழைய முடியாத இடங்களுக்கு இதுதான் போகும். ‘அட்லாண்டிக் 85’ இன்னும் வேகமானது, 35 நாட். வேல்ஸில் உள்ள அட்லாண்டிக் காலேஜ் என்ற பள்ளியில்தான் 1960-களில் இந்த வகைப் படகின் முன்னோடி உருவானது. அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். அதே பள்ளியின் 18 வயது மாணவி ஒருவர்தான் 1969-ல் ஆர்.என்.எல்.ஐ-யின் முதல் பெண் படகுத் தொண்டரானார்.

தொண்டர்கள் எல்லோரும் கடல் தெரிந்தவர்களா?

ஒரு காலத்தில் ஆமாம். குழு மொத்தமும் மீனவர்களாகவே இருக்கும். இங்கிலாந்தின் குரோமர் ஊரைச் சேர்ந்த ஹென்றி பிளாக் அப்படி ஒருவர். நண்டு பிடிப்பது தொழில். 53 ஆண்டுகள் லைஃப்போட்டில் பணியாற்றி, அவரும் அவர் குழுவும் 873 பேரைக் காப்பாற்றியதாகப் பதிவு இருக்கிறது. மூன்று முறை தங்கப் பதக்கம் வாங்கியவர்.

இப்போது நிலைமை வேறு. மீன்பிடித் தொழில் சுருங்கிவிட்டதால், புதிதாகச் சேருபவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் கடல் சார்ந்த வேலையில் இருக்கிறார். மற்றவர்களுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காகவே பூல் நகரில் 2004-ல் ஒரு பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே இருக்கும் குளத்தில் செயற்கையாக அலை எழுப்பி, விளக்கை அணைத்து, இடிச் சத்தம் போட்டு, கவிழ்ந்த படகுக்கு அடியிலிருந்து வெளியே வரப் பழக்குகிறார்கள்.

எல்லோருமே சம்பளம் இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பல பெரிய நிலையங்களில் காக்சன், மெக்கானிக் போன்றவர்கள் முழுநேர ஊழியர்கள். லண்டனின் தேம்ஸ் ஆற்றில் சில நிலையங்களில் முழுநேரக் குழுக்கள் உண்டு. 1989-ல் ‘மார்ஷியோனெஸ்’ என்ற உல்லாசப் படகு தேம்ஸில் மூழ்கி 51 பேர் இறந்தார்கள். அந்த விபத்தின் பாடமாக, 2002-ல் ஆற்றுக்கு என்றே லைஃப்போட் நிலையங்கள் திறக்கப்பட்டன. அதில் டவர் நிலையம்தான் நாட்டிலேயே அதிக அழைப்புகள் வருகிற நிலையம்.

1981 டிசம்பர் 19: அந்த இரவு என்ன நடந்தது?

இந்த வேலையின் விலை என்ன என்பதைப் புரிந்துகொள்ள, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் பகுதியில் இருக்கும் ஒரு குட்டி மீனவ கிராமத்துக்குப் போக வேண்டும். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் ‘எலி வளை’ என்று அர்த்தம் வரும். ஊர்க்காரர்கள் சொல்வது ‘மவுசல்’.

அன்று ‘யூனியன் ஸ்டார்’ என்ற சரக்குக் கப்பல் தன் முதல் பயணத்தில் இருந்தது. நெதர்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு உரம் ஏற்றிப் போனது. கப்பலில் 8 பேர். கேப்டனின் மனைவியும், பதின்ம வயதில் இருந்த இரண்டு மகள்களும் அதில் இருந்தார்கள். கார்ன்வால் கரைக்கு அருகே இன்ஜின் நின்றுபோனது. எரிபொருளில் கடல்நீர் கலந்திருந்ததால் மறுபடி கிளப்ப முடியவில்லை. புயல் கப்பலைப் பாறைகளை நோக்கித் தள்ளிக்கொண்டு போனது. கடற்படை ஹெலிகாப்டர் வந்தது. ஆனால் அந்தக் காற்றில் கயிற்றை இறக்கி யாரையும் தூக்க முடியவில்லை.

‘சாலமன் பிரவுன்’ என்ற மரத்தாலான லைஃப்போட்டுக்கு அழைப்பு போனது. காக்சன் டிரெவெல்யன் ரிச்சர்ட்ஸ், ஓடிவந்தவர்களிலிருந்து 7 பேரைத் தேர்ந்தெடுத்தார். 17 வயதுப் பையன் ஒருவனும் அப்பாவோடு வந்து நின்றான். அப்பாவை ஏற்றிக்கொண்ட காக்சன், பையனைக் கரையிலேயே நிறுத்திவிட்டார். இப்படி ஒரு இரவில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வேண்டாம் என்பது அவர் முடிவு.

இரவு 8.12-க்கு படகு இறங்கியது. அலைகள் சுமார் 18 மீட்டர் உயரம். ஆறு மாடிக் கட்டடம் அளவு என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த அலையில் திரும்பத் திரும்பக் கப்பலை ஒட்டிப் போனார்கள். ஒருமுறை அலை தூக்கியதில் லைஃப்போட் கப்பலின் மேல்தளத்திலேயே போய் விழுந்து, மறுபடி கடலில் சரிந்தது. அப்படியும் விடவில்லை. நான்கு பேரை ஏற்றிவிட்டோம் என்று ரேடியோவில் தகவல் வந்தது. அதன் பிறகு எந்தச் சத்தமும் வரவில்லை.

கப்பலில் இருந்த 8 பேர், லைஃப்போட்டின் 8 பேர். 16 பேரும் இறந்துபோனார்கள். காக்சனுக்குத் தங்கப் பதக்கமும் மற்ற ஏழு பேருக்கும் வெண்கலப் பதக்கமும், அவர்கள் மறைவுக்குப் பிறகு வழங்கப்பட்டன.

ஒரு சின்ன ஊரில் ஒரே இரவில் 8 ஆண்கள் போனால் அந்த ஊர் என்ன ஆகும்? யாரும் இனி லைஃப்போட் பக்கமே வர மாட்டார்கள் என்றுதானே நினைப்போம். ஒரு நாளுக்குள் புதிய குழு அமைக்கப் போதுமான ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். அன்று கரையில் நிறுத்தப்பட்ட அந்த 17 வயதுப் பையன், பின்னாளில் அதே பென்லீ லைஃப்போட்டின் காக்சன் ஆனார்.

மவுசல் ஊர் கிறிஸ்துமஸ் விளக்குகளுக்குப் பேர்போனது. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 19 அன்று இரவு ஒரு மணி நேரம் அந்த விளக்குகளை அணைத்து வைக்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஆர்.என்.எல்.ஐ காப்பாற்றியவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. 1854 முதல் 1869 வரை அரசு மானியம் வாங்கிப் பார்த்தார்கள். அதோடு வரும் கட்டுப்பாடுகள் சரிவராமல் விட்டுவிட்டார்கள். இன்றுவரை பெரும்பகுதி மக்கள் கொடுக்கும் பணம்தான். அதிலும், தன் மரணத்துக்குப் பிறகு லைஃப்போட்டுக்குப் போகட்டும் என்று உயிலில் எழுதிவைப்பவர்கள் ஏராளம். பத்தில் ஆறு பயணங்கள் அந்த உயில் பணத்தால்தான் சாத்தியமாகின்றன என்று அமைப்பே சொல்கிறது.

தெருவில் உண்டியல் குலுக்கி நிதி திரட்டுவதற்கும் லைஃப்போட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1886 டிசம்பரில் ‘மெக்சிகோ’ என்ற ஜெர்மன் கப்பலைக் காப்பாற்ற மூன்று லைஃப்போட்கள் போயின. ஒரு படகு கப்பலில் இருந்த 12 பேரையும் மீட்டுவிட்டது. ஆனால் இருட்டில் அது தெரியாமல் போராடிய மற்ற இரண்டு படகுகளும் கவிழ்ந்து, 27 தொண்டர்கள் இறந்தார்கள். கைம்பெண்களுக்கும் அப்பா இல்லாத பிள்ளைகளுக்கும் நிதி திரட்டியபோதுதான், சில பணக்காரர்களை மட்டும் நம்பி இந்த அமைப்பு ஓட முடியாது என்பது புரிந்தது. 1891-ல் மான்செஸ்டர் தெருக்களில் லைஃப்போட்டையே ஊர்வலமாக இழுத்துப்போய் மக்களிடம் காசு கேட்டார்கள். ஒரே நாளில் 5,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது.

‘இவர்களை ஏன் காப்பாற்றுகிறீர்கள்?’

எல்லோரும் கொண்டாடும் அமைப்புக்கும் எதிர்ப்பு வரும். 2021-ல் வந்தது.

பிரான்ஸிலிருந்து சின்ன ரப்பர் படகுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து அகதிகள் வருவது அதிகமானது. படகு ஆபத்தில் இருந்தால் லைஃப்போட் போய் அழைத்துவரும். அரசியல்வாதி நைஜல் ஃபராஜ், ஆட்கடத்தல் கும்பல்களுக்கு லைஃப்போட் ‘டாக்ஸி’ ஓட்டுகிறது என்று விமர்சித்தார்.

அமைப்பு கொடுத்த பதில் நேரடியானது. கடலில் உயிருக்குப் போராடுபவர் எப்படி அங்கே வந்தார், எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பது தங்கள் வேலை இல்லை. கோஸ்ட்கார்டு அழைத்தால் போவோம், அவ்வளவுதான். சட்டமும் இதையே சொல்கிறது. கடலில் ஆபத்தில் இருக்கும் எவருக்கும் உதவ வேண்டும் என்பது சர்வதேசக் கடல் சட்டத்தில் உள்ள கடமை.

சர்ச்சை வெடித்த அந்த ஜூலை மாத இறுதியில் ஒரே நாளில் 2 லட்சம் பவுண்டுக்கு மேல் ஆன்லைன் நன்கொடை குவிந்தது. விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் பேஜர் அடிக்கும்போது தொண்டருக்குத் தெரிவது ‘படகு, இடம், எத்தனை பேர்’ என்கிற தகவல்தான்.

தமிழர்கள் மறக்க முடியாத ஒரு கடற்கரை

2016 ஆகஸ்ட் 24. நல்ல வெயில் நாள். லண்டனில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த 5 இளைஞர்கள், இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் உள்ள கேம்பர் சாண்ட்ஸுக்குப் போனார்கள். ஐந்து பேரும் கடலில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் இருவர் அண்ணன் தம்பி.

பார்க்க அமைதியான, பரந்த மணல் கடற்கரை அது. ஆனால் தண்ணீர் வற்றும்போது வெகுதூரம் உள்ளே போய்விடும். திரும்பி ஏறும்போது மணல் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு பின்னாலிருந்தும் வரும். திட்டில் நிற்பவருக்குத் தான் சூழப்பட்டது தெரிவதற்குள் ஆழம் கூடிவிடும். அன்று அங்கே லைஃப்கார்டுகள் இல்லை. இந்த மரணங்களுக்குப் பிறகுதான் ஆர்.என்.எல்.ஐ லைஃப்கார்டுகள் அங்கே நிறுத்தப்பட்டார்கள்.

லைஃப்போட் எவ்வளவு வேகமாக வந்தாலும் சில நிமிடங்கள் ஆகும். மூழ்குபவருக்கு அந்த நிமிடங்கள் இருப்பதில்லை. அதனால்தான் 2001-லிருந்து கடற்கரை லைஃப்கார்டு பணியையும் இந்த அமைப்பு சேர்த்துக்கொண்டது. கூடவே எல்லோருக்கும் ஒரு பாடமும் சொல்லிக்கொடுக்கிறது. எதிர்பாராமல் தண்ணீரில் விழுந்தால் உடனே கைகாலை அடித்து நீந்த முயலாதீர்கள், மிதங்கள் என்பதே அந்தப் பாடம்.

* தலையைப் பின்னால் சாய்த்து, காதுகள் தண்ணீரில் இருக்கும்படி மல்லாந்து படுங்கள்.
* பதறாமல் இயல்பாக மூச்சு விடப் பாருங்கள்.
* கையையும் காலையும் விரித்து, கைகளை மெதுவாக அசையுங்கள்.
* குளிர்ந்த நீர் தரும் அதிர்ச்சி ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்கும். மூச்சு சீரானதும் உதவிக்குக் கூப்பிடுங்கள், முடிந்தால் நீந்துங்கள்.

கரையில் இருப்பவருக்கும் ஒரு விதி உண்டு. காப்பாற்றப் போகிறேன் என்று நீங்களும் குதிக்காதீர்கள். உதவிக்கு போன் செய்துவிட்டு, மிதக்கக்கூடிய எதையாவது வீசுங்கள்.

இப்போதைய சவால் என்ன?

பேஜர் அடித்ததும் சில நிமிடங்களில் வர வேண்டும் என்றால், வீடோ வேலையோ நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கார்ன்வால் போன்ற அழகான கடலோர ஊர்களில் வெளியூர் பணக்காரர்கள் விடுமுறை வீடுகளை வாங்கிக் குவிக்கிறார்கள். விலை ஏறியதில் உள்ளூர் இளைஞர்கள் தள்ளிப் போய்விடுகிறார்கள். பகலில் வேலைக்காக வேறு நகரத்துக்குப் போனவரால் பேஜர் அடித்தால் வர முடியாது. முதலாளியும் ‘சரி, ஓடு’ என்று அனுப்புபவராக இருக்க வேண்டும்.

புதிய படகு வாங்கப் பணம் திரட்டிவிடலாம். கவிழ்ந்தாலும் நிமிரும் தொழில்நுட்பமும் வந்துவிட்டது. ஆனால் மவுசலில் 8 பேர் இறந்த மறுநாள் அடுத்த குழு கிடைத்ததற்குக் காரணம், அந்த ஊரில் ஆட்கள் குடியிருந்ததுதான். பல கடலோர ஊர்களில் குளிர்காலம் முழுக்க வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. புயல் வருவதும் அந்தக் குளிர்காலத்தில்தான்.